லொறியின் கரியும் ஜீப்பின் கரியும்

டீசல் எஞ்சின் திருத்தும் தொழிலில் கறுத்த கையைக் கழுவச் சவர்க்காரம் இருக்கிறது, "எது நல்ல எஞ்சின்?" என்று கேட்கிறவர்களுக்குத்தான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. வாகனம் வைத்திருந்து, விளக்கு எரிந்தாலும் பயந்து, எரியாவிட்டாலும் பயந்து வாழ்கிற உங்களுக்கு இந்த அவதியை நான் விளக்கத் தேவையில்லை. என் கராச் புளியங்குளச் சந்தியில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் தடவை வருகிறவர்கள், "மெக்கானிக் இல்லையோ அக்கா?" என்று கேட்பார்கள். நான்தான் என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பொனட்டைத் திறப்பார்கள். எஞ்சினுக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது.

குதிரைக் கணக்கு

கணேசலிங்கம் அண்ணை நெல் லொறிக்காரர். இப்போது லொறியை வேறொருவர் ஓட்டுகிறார், ஏனென்றால் அண்ணைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும். பஸ் வரும்வரை என் கராச்சின் பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பார். சில நாட்களில் பஸ் வந்து நின்று போய்விடும், அவர் எழும்ப மாட்டார். "சனம் நெருக்கமாயிருக்கு, அடுத்த முறை பாப்பம்" என்பார். அப்படித் தவறவிட்ட கிழமைகளில் கால் வீங்கிச் செருப்புக்குள் போகாது. எனக்குக் கோபமும் வரும், பயமும் வரும். இந்த வருத்தத்தில் அடுத்த முறை பார்ப்போம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

தம்பியார் யோகன் சுவிஸில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அண்ணனைக் குலுங்காமல் வவுனியாவுக்குக் கொண்டுபோகவென்றே கொழும்பில் ஒரு பெரிய டீசல் ஜீப் வாங்கி வந்தார். அண்ணை ஏறினால்தானே. தனக்காக ஒருவரும் மினக்கெட வேண்டாம், பஸ்தான் என்று பிடிவாதமாக நின்றார். அதைப் பற்றி இருவரும் நேரே கதைப்பதில்லை. எஞ்சினைப் பற்றிக் கதைத்துச் சண்டை பிடிப்பார்கள். லொறி எஞ்சின் நாலு லீற்றருக்கு மேல், ஜீப் எஞ்சின் மூன்றுதான், ஆனால் குதிரைவலு ஜீப்புக்குத்தான் இரண்டு மடங்கு என்று யோகன் ஒருநாள் சொல்லிவிட்டார். அண்ணையின் முகம் சுருங்கிவிட்டது.

நான் இடையில் புகுந்தேன். லொறி எஞ்சின் தடித்த இரும்பு, மெதுவாகச் சுற்றும், காலையிலிருந்து பின்னேரம் வரை பாரத்தோடு இழுக்கும். ஜீப் எஞ்சின் பாரம் குறைந்தது, காற்றை அமுக்கி உள்ளே தள்ளி வேகமாகச் சுற்றும், முந்திப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் முழுப் பலத்தையும் கொடுக்கும். கோயில் அன்னதானக் கிடாரமும் வீட்டுப் பிரஷர் குக்கரும் மாதிரி, இரண்டிலும் சோறு வேகும் என்றேன். அண்ணைக்கு அது போதவில்லை.

"எத்தினை குதிரை எண்டு என்ர லொறியைக் கேக்காதேங்கோ. எத்தினை மூட்டை எண்டு கேளுங்கோ."

மண்ணெண்ணெய் வைத்தியம்

அறுவடை தொடங்கிய பிறகு ஜீப் சோர்ந்துபோனது. காலால் எவ்வளவு அமத்தினாலும் வேகம் எடுக்காது. யோகன் அதை வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு முழிசிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை அண்ணை கதிரையில் வந்திருந்து, தம்பியின் ஜீப்புக்குத் தானே வைத்தியம் பார்த்துவிட்டதாக மெல்லச் சொன்னார். என்ன வைத்தியம் என்றேன். ஒரு போத்தல் மண்ணெண்ணெய், கொஞ்சம் ஒயிலும் கலந்து, டீசல் தாங்கிக்குள். நான் கையிலிருந்த சாவியைப் போட்டுவிட்டு யோகனுக்குப் போன் எடுத்து, ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று கத்தினேன். மோட்டார் சைக்கிளில் போய்த் தாங்கியை வடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அண்ணையையும் குற்றம் சொல்ல முடியாது. டீசல் உள்ளே வராத அந்தச் சண்டைக் காலத்தில் வன்னியில் ஓடிய லொறிகள் எதைக் குடித்து ஓடின என்று எங்களுக்குத் தெரியும். பழைய லொறியின் பம்ப் எதையும் விழுங்கும். ஜீப்பின் பம்ப் டீசலைப் பயங்கரமாக அமுக்கி, தலைமயிர் போன்ற நுண்ணிய துளைகளால் பீச்சும். அந்தப் பம்புக்கு டீசலேதான் ஒயிலும். மண்ணெண்ணெய் மெல்லியது, உள்ளே இரும்போடு இரும்பு உரசிவிடும். இதையெல்லாம் திரும்பி வந்து சொன்னேன். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், கடைசியில் நிமிர்ந்தார்.

"அதைக் குடிச்சிட்டுத்தான் பிள்ளை என்ர லொறி அவ்வளவு சனத்தையும் ஏத்திக்கொண்டு ஓடினது. உவருக்கு மட்டும் என்ன, பாலும் பழமுமோ?"

மஞ்சள் விளக்கு

தாங்கி சுத்தமான பிறகும் ஜீப் இழுக்கவில்லை. மீற்றர் பலகையில் மஞ்சள் விளக்கு வேறு எரிந்தது. கராச்சுக்குக் கொண்டுவந்த ஜீப்பில் கொம்பியூட்டரைப் பூட்டிப் பார்த்தேன். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, அது அடைத்துக்கொண்டு வந்தது. லொறி தன் கரியைப் பின்னால் வருகிறவரின் முகத்தில் ஊதிவிட்டுப் போய்விடும். ஜீப் மரியாதைக்காரன், கரியைத் தனக்குள்ளேயே வைத்திருந்து, நன்றாகச் சூடேறும்போது எரித்துச் சாம்பலாக்கும். சூடேறுவதற்கு நீட்டுக்கு ஓடவேண்டும். யோகன் ஓடுவதோ வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வயலுக்கு. வயல் வரம்போரம் ஏசியைப் போட்டபடி, நெல் வெட்டும் மெசின் வேலை முடிக்கும்வரை எஞ்சினை நிற்பாட்டாமல் உள்ளேயே இருப்பாராம்.

பக்கத்தில் நின்ற, மண் ஏற்றும் ரிப்பர் லொறிக்காரப் பொடியன், "உந்த வடிகட்டியை வெட்டி எறியுங்கோ அண்ணை, லொறி மாதிரி ஓடும்" என்றான். யோகனும் என்னைப் பார்த்தார். ஊரில் பலர் செய்கிறதுதான். நான் வாய் திறக்கும் முன் கதிரையிலிருந்து கணேசலிங்கம் அண்ணை பேசினார். அவர் குரலில் கேலி இருக்கவில்லை.

"அதுக்கும் வடிகட்டிதான் அடைச்சதோ? அப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம். வெட்டி எறியிறது வைத்தியமில்லைத் தம்பி."

ஓட்டம்தான் மருந்து

கிழமைக்கு ஒரு தரம், அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், இடையில் நிற்காமல், எஞ்சின் சுற்றை இறங்கவிடாமல் ஓடினால் போதும். நான் இரண்டு தரம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்கு விளங்கும்.

யோகன் பயந்தார். "இடைவழியில நிண்டால் அண்ணையை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது தங்கச்சி?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். அண்ணன் ஏறாததுக்குக் காரணம் வீம்பு, தம்பி வற்புறுத்தாததுக்குக் காரணம் பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வடிகட்டி இன்னும் முழுதாக அடைக்கவில்லை, ஓடினால் திறக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

அண்ணையிடம் வேறு மாதிரிச் சொன்னேன். யோகனுக்கு ரோட்டையும் சுற்று மீற்றரையும் ஒன்றாகப் பார்க்க வராது, எஞ்சின் சத்தம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும், நானோ கராச்சைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. அன்று அவருக்கு வவுனியாவுக்குப் போகிற நாள். பஸ் வந்து நின்றது, போனது. பிறகு ஜீப் வந்தது. அண்ணை முன்கதவைத் திறந்து, கால் வீக்கத்தோடு மெல்ல ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"நான் நோயாளியாய் வரேல்லை. எஞ்சினுக்குக் காவலாய் வாறன்."

காவல்காரர்

மஞ்சள் விளக்கு அன்றைக்கே வழியில் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணை ஒரு முறையையும் தவறவிடவில்லை. வவுனியாவிலிருந்து திரும்பி வரும்போது பின்னுக்குச் சாய்ந்து நித்திரையாகிவிடுவார் என்று யோகன் சொன்னார். காவல் என்று பேர்தான். செருப்பு இப்போது காலுக்குள் போகிறது.

போன கிழமை ஒரு காலை, ஜீப் வருவதற்கு முன்பே அண்ணை கராச்சுக்கு வந்து பழைய கதிரையில் இருந்தார். நான் லொறி ஒன்றின் டீசல் பீச்சும் நொசிலைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "பிள்ளை, அந்த ரிப்பர்காரப் பொடியனிட்டக் கேட்டனான். உந்த ஜீப்புக்குக் கிழமைக்கு ஒரு ஓட்டம் காணுமாம், ரெண்டு தேவையில்லையாம்" என்றார். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இனி என்ன, பழையபடி பஸ்தான், அடுத்த முறை பார்ப்போம்தான் என்று நினைத்தேன். தூரத்தில் ஜீப்பின் சத்தம் கேட்டது. அதை அவர்தான் முதலில் அடையாளம் பிடித்தார். எழும்பிச் சறத்தைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உவனுக்குச் சொல்லிப்போடாதை. ரெண்டு எண்டே இருக்கட்டும். நானும் இல்லையெண்டால் உவன் உந்த ஜீப்பைக் கொண்டு தனிய எங்க ஓடுறது?"

ஆகவே வாகன அவதிக்காரர்களே, எது நல்ல எஞ்சின் என்று இனி என்னிடம் வந்து கேட்டால், பக்கத்துச் சீற்றில் யாரை ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நான் பொனட்டைத் திறப்பேன்.