தராசில் தொங்கிய பேஸ் கிட்டார்

காலை ஒன்பது நாற்பது. பெரம்பலூரில் மச்சானின் வெங்காய மண்டிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, தொங்கு தராசின் கொக்கியில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்த சிவப்பு பேஸ் கிட்டார். பக்கத்தில் மூட்டைமேல் கறுப்பு ஒன்று சாய்ந்திருந்தது. இரண்டும் மலிவு விலைதான்; கறுப்பு புதியது, சிவப்பு யாரோ வாசித்துவிட்டு விற்றது. ஒன்றைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, அரியலூர்க் கடையிலிருந்து இரண்டையும் கொண்டுவந்திருந்தார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். மற்ற நாள்களில் வெங்காயம், முகூர்த்த நாள்களில் மெல்லிசைக் குழுவில் பேஸ். அவருடைய பழைய கிட்டார் ஓயாமல் இரைந்ததால் குழுத் தலைவர் கெடு வைத்திருந்தார். அடுத்து வரவிருந்த குன்னம் கல்யாணக் கச்சேரியிலும் இரைச்சல் கேட்டால், இனி பேஸைக் கீபோர்டுக்காரரே இடதுகையால் பார்த்துக்கொள்வார். பதினெட்டு வருடம் மேடையில் நின்றவர் மச்சான்.

அன்று அவர் செய்த பரிசோதனையை, பத்திரிகை நிருபர் பழக்கத்தில், விபத்து நடந்த இடத்தில் குறிப்பெடுப்பதுபோல நின்று பார்த்தேன். ஒற்றைக் கண்ணை மூடி, கழுத்து வளைந்திருக்கிறதா என்று நோட்டம் விட்டார். கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனை கையைக் கீறுகிறதா என்று விளிம்பில் விரலை ஓட்டினார். பிறகு ஒயர் எதுவும் மாட்டாமல், கட்டைமேல் காதை வைத்துத் தடித்த தந்தியை ஒருமுறை தட்டி, ஒலி அடங்கும்வரை எண்ணினார். கறுப்பு ஒன்பது. சிவப்பும் ஒன்பது. அதுவரை அவரிடம் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அதன் பிறகு மறுபடியும் தராசு. கறுப்பு மூன்று கிலோ நானூறு. சிவப்பு நாலு கிலோ எழுநூறு.

"கறுப்புல சத்தே இல்ல மாப்ள. கனம் இருந்தாதான் சத்தம் கும்முனு நிக்கும்."

"ரெண்டுக்கும் ஒம்போதுதான எண்ணுனீங்க மச்சான்?"

"நான் எண்ணுறது தப்பும். தராசு தப்பாது. நீங்க போயி பேப்பர்ல எழுதுங்க."

குன்னத்தில் சிவப்பு இரையவில்லை. மூன்றாவது பாட்டில் மச்சான் சந்தோஷத்தில் ஒரு துள்ளு துள்ளினார். தோள்வாரைத் தாங்கிய திருகு பிடுங்கிக்கொள்ள, கிட்டாரின் அடிமூலை பெயர்ந்து தலைவரின் ஷூமேல் விழுந்தது. உடைந்த இடத்தில் மரம் இல்லை, சிமெண்ட் இருந்தது. முன்பு வைத்திருந்தவர், சிமெண்ட் ஆலைகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் எதற்கும் கைக்கெட்டுகிற பொருளால் மூலையைப் பூசி, பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார். மச்சான் வாசிப்பை நிறுத்தவில்லை. அப்படியே சரிந்து நாற்காலியில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துப் பாட்டை முடித்தார்.

"கச்சேரிக்கு வந்தீங்களாண்ணே, காங்கிரீட் போட வந்தீங்களா?" என்றார் தலைவர், ஷூவைத் தட்டிக்கொண்டே. மைக் திறந்திருந்தது. பந்தியில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். மச்சான் தலை நிமிரவில்லை. சிரிப்பு அடங்கியதும் தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார்.

"சத்தம் சுத்தமா இருக்குண்ணே. அடுத்த கச்சேரிக்கும் இதையே எடுத்துட்டு வாங்க. ஆனா உக்காந்தே வாசிங்க."

இன்றும் உட்கார்ந்தேதான் வாசிக்கிறார். சென்ற வாரம் மண்டிக்குப் போயிருந்தேன். மிச்சமிருந்த சிமெண்டையும் சுரண்டி எடுத்துவிட்டாராம்; இனி சத்தம் நிற்குமா என்று கவலைப்பட்டார். அன்று கறுப்பை நிறுத்துப் பார்த்த அதே கொக்கியில் கிட்டாரை மாட்டினார். முள் ஆடி நின்றது.

மூன்று கிலோ நானூறு.