எல்லைச்சாமியும் என் ஆராய்ச்சியும்

சென்னைப் பட்டணத்தில் எம்.ஏ. முடித்த கையோடு ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கிவிடுவது என்று நான் கிளம்பியதற்குக் கல்வித் தாகம் காரணமல்ல. பதுளை பஜாரில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை இருந்தது. அந்தக் கடையில் எனக்கென்று ஒரு முக்காலி காத்துக் கிடந்தது. "ஆராய்ச்சியாமே, செஞ்சு பாரு. தேறலைன்னா கடையில வந்து உட்காரு. அப்புறம் படிப்புன்னு வாயைத் தொறக்கக் கூடாது" என்றார் அப்பா. கெஜக்கோலை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்கும். வருகிற பெண்கள் இருக்கிற சேலை அத்தனையும் பிரித்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்புறமா வர்றோம்" என்று போய்விடுவார்கள். அதையெல்லாம் மடித்து வைப்பதற்கா நான் பிறந்தேன்?

பேராசிரியர் கறாரான மனிதர். முதலில் திட்டத்தை எழுதிக் காட்டு என்றார். கடல் தாண்டிப் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்த சனங்கள் ஊர் வழக்கங்களில் எவற்றை விட்டுவிட்டார்கள் என்பது என் பொருள். அதில் நான் பெரிதும் பெருமைப்பட்டுக்கொண்டது எல்லைச்சாமி. நம் ஊர்களில் எல்லையில் ஒரு சாமி நின்று காவல் காக்கும். தோட்டத்தின் எல்லையோ வெள்ளைக்காரத் துரை போட்டது. சனங்களுக்கு அதில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லை. ஆகவே அங்கே எல்லைச்சாமி இருக்க முடியாது. போய்ப் பார்ப்பதற்கு முன்பே இந்த முடிவை இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டேன். வாக்கியம் அவ்வளவு அழகாக வந்திருந்தது.

பிறகுதான் போய்ப் பார்த்தேன். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே கூலியாட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி அப்பாவிடம் துணி எடுப்பவர், அதனால் துரையின் அனுமதி சுலபமாகக் கிடைத்தது. வண்டிமாடு இனி ஏறமாட்டேன் என்று நின்ற இடத்திலிருந்து நடந்தேன். சாயங்காலம், வரிசை வீடுகளாக அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்து, என் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"எல்லைச்சாமிக்குச் சேவல் அறுக்குறீங்களா?"

"இல்லீங்க."

"பொங்கல் வைக்கிறீங்களா?"

"இல்லீங்க."

"சாமியாவது இருக்கா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "இல்லீங்களே" என்றார்கள். ஒவ்வொரு 'இல்லை'க்கும் நான் உள்ளுக்குள் குதித்தேன். அவர்கள் முகமெல்லாம் தொங்கிப்போனது. வேலைக் களைப்பு என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

பட்டணம் திரும்பி ஆய்வேட்டை முழுசாக எழுதி முடித்தேன். பேராசிரியர் படித்தார். "நன்றாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது. இன்னொரு முறை நேரில் பார்த்துவிட்டு வந்து கொடு" என்றார். இந்த மனிதருக்கு ஒரு நாளாவது அட்டை கடித்திருந்தால் இப்படிப் பேசுவாரா? மறுபடி கப்பல், மறுபடி ரயில், மறுபடி மலையேற்றம்.

தோட்டத்து எல்லையில் ஓடையைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று கல். மஞ்சள், குங்குமம். சூலத்துக்குப் பதிலாக தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் பழைய கத்தி ஒன்றை நட்டிருந்தார்கள். சேவல் இறகு சிதறிக் கிடந்தது. என் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

கங்காணி ஓடிவந்தார். "வாங்க சின்ன மொதலாளி! நீங்க கேட்டுட்டுப் போனதுலேருந்து எங்களுக்கு மனசே சரியில்லீங்க. இத்தனை படிச்சவரு மெனக்கெட்டு வந்து கேக்குறாருன்னா, சாமி சொல்லித்தானே கேக்குறாரு? அந்த வாரமே நான் இந்த ஓடையில வழுக்கி விழுந்து இடுப்பு புடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறமும் சும்மா இருக்கலாமா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "துரை ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"என்ன இதுன்னு கேட்டாரு. ஆதியிலேருந்தே இருக்குன்னு சொல்லிட்டோம். அப்ப சாமியை மிதிக்காம ரோட்டை வளைச்சுப் போடுங்கன்னுட்டாரு."

திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த பாதை அந்த மூன்று கல்லையும் சுற்றி மரியாதையாக வளைந்து கிடந்தது.

அதோடு விட்டார்களா? ஞாபகப்படுத்திய புண்ணியவான் என்று அன்று சாயங்காலம் என் தலையில் பரிவட்டம் கட்டி, முதல் பொங்கலை என் கையில் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். பொங்கல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன். 'மறுபடி பார்த்தேன், அப்படி ஒரு சாமி இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் எந்தப் பேராசிரியர் மடுல்சீமை வரைக்கும் வந்து பார்க்கப்போகிறார்? முக்காலியை நினைத்துக்கொண்டு அப்படியே செய்வதென்று முடிவும் செய்துவிட்டேன்.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு வந்து நின்ற ஒரு பெண் கேட்டாள்: "அன்னைக்கு இன்னும் நெறைய கேட்டீங்களே, ஊர்ல இருந்தது, நாங்க விட்டுட்டு வந்ததுன்னு. எங்கம்மா என்னைத் தூக்கிக்கிட்டு வந்தப்ப எனக்கு விவரம் தெரியாத வயசு. அவளும் ஒண்ணும் சொல்லாமலே போய்ச் சேந்துட்டா. அதெல்லாம் என்னென்னன்னு இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

சொன்னால் அத்தனை வழக்கமும் இங்கே திரும்பி வந்துவிடும், ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமும் மிஞ்சாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

கேள்விகளை எடுத்து முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

"மெதுவாங்க" என்றாள் அவள். "எங்களுக்கு எழுதத் தெரியாது. மனசுல வச்சுக்கணும்."