தீப்பெட்டிச் சத்தமும் மாரியின் கையும்

இன்னைக்கு நான் வேலை பார்க்கிற காப்பகத்துல, மாரிங்கிற குரங்கு தானே கையை நீட்டித் தடுப்பூசி போட்டுக்கிட்டா.

போன தடவை வலை வீசித்தான் பிடிச்சோம். மாட்டு டாக்டருக்குக் கட்டைவிரல்ல நல்ல கடி. "இனிமே வலைன்னா என்னையக் கூப்பிடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அன்னையில இருந்து தினமும் பழக்குதேன். கம்பி வழியா கையை நீட்டி அசையாம இருந்தா, தீப்பெட்டியை ஒரு குலுக்கு. சத்தம் கேட்டதும் கடலைமிட்டாய்ல ஒரு துண்டு. வெளியூர்ல இதுக்கு விசில் ஊதுவாங்களாம். கோவில்பட்டில தீப்பெட்டிக்கா பஞ்சம்?

இன்னைக்கு டாக்டர் தள்ளியே நின்னாரு. "ஏம்மா, கடிக்காதுல்லா?"

"நீங்க நடுங்காம இருந்தாப் போதும் சார்."

மாரி கையை நீட்டினா. ஊசி இறங்குச்சு. ஒரு சிணுங்கல் இல்ல. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு, தீப்பெட்டியைக் குலுக்கவே மறந்துட்டேன்.

அவ என் மூஞ்சியையே பார்த்தா. பிறகு கம்பி வழியா கையை விட்டு, டாக்டர் சிகரெட்டுக்காகச் சட்டைப்பையில வச்சிருந்த தீப்பெட்டியை உருவி, அவளே குலுக்கினா.

"குடும்மா சீக்கிரம். செஞ்ச வேலைக்குக் கூலி கேக்கா"ன்னாரு டாக்டர்.

தீப்பெட்டியைத் திரும்ப வாங்க இன்னொரு துண்டு செலவாச்சு.

எங்க வீட்டுக்காரர் சுகர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க மாசக்கணக்கா ஓடி ஒளியுதாரு. தீப்பெட்டி தயார். கடலைமிட்டாய்க்குப் பதிலா அவருக்கு என்ன கொடுக்கலாம்னு மட்டும் யாராவது சொல்லுங்க.