வாசலோரப் பலகை

பெருமாள்ராஜ் தன் வாழ்நாளில் ஒரே ஒரு வேலையைத்தான் வேண்டுமென்றே கெடுத்துச் செய்தார். அதுவும் நல்ல தேக்கில் செய்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் பிறந்தது மலைமேல், வெள்ளிமுடி எஸ்டேட்டில் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடொன்றில். அப்பா தேயிலைக் காட்டில் மருந்தடித்தவர். மகனுக்குக் கை கொஞ்சம் நன்றாக வருகிறது என்று பங்களா ஆசாரியிடம் எடுபிடியாக விட்டார்கள். மேனேஜர் பங்களாவில் தரை முழுக்க மரம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது ஈரம் குடித்து உப்பும், கதவு தரையில் இடித்துக்கொண்டு திறக்காது, உடனே பெருமாள்ராஜைக் கூப்பிட ஆள் வரும். அவர் இழைப்புளியோடு போய்ச் சீவிவிட்டு வருவார். முப்பது வருஷத்துக்கு மேல் இதுதான் பிழைப்பு. பங்களாவில் எத்தனையோ மேனேஜர்கள் வந்து போனார்கள். தரையை நன்றாக வைத்திருக்கிறாய் என்று ஒருவராவது சொன்னதில்லை.

அவர் மனைவி கலைச்செல்வி கொழுந்து பறித்தவள். சிறுநீரகம் கெட்டுப்போய், கடைசி ஆறு மாதம் படுக்கையில் கிடந்தாள். கீழே ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னய இங்கனயே போட்ருங்க. கீழ உள்ள வெயிலு எனக்கு ஆவாது" என்றாள். அப்படியே செய்தார்கள். மூன்றாவது லயனுக்குக் கீழே, ஓடைக்கரையில் ஒரு பெரிய மரத்தடியில் புதைத்து மூன்று கல் வைத்தார்கள். பேர் வெட்டிய பலகை ஒன்று செய்து நடவேண்டும் என்று பெருமாள்ராஜ் நினைத்துக்கொண்டே இருந்தார். ஊருக்கெல்லாம் சீவிக் கொடுத்த கைக்கு அதற்கு மட்டும் நேரம் வரவில்லை. வருஷம் ஓடிவிட்டது.

அதற்குள் எஸ்டேட்டின் குத்தகை முடிந்தது. இனி அது காடு, ஆட்கள் இறங்க வேண்டும் என்றார்கள். மலையில் பிறந்து மலையிலேயே நரைத்த மனிதர்களைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றி இறக்கிவிட்டார்கள். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதிலை யார் காதில் வாங்கியிருப்பார்கள்? பெருமாள்ராஜ் சீவலப்பேரியில் தங்கச்சி வீட்டுச் சார்ப்பில் வந்து விழுந்தார். தகரக் கூரை. மதியத்தில் உள்ளே உட்கார முடியாது. கலைச்செல்வி சொன்ன வெயில் இதுதான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அவரை அரித்தது வெயில் அல்ல, அந்த மூன்று கல். லயன்களை இடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மலையில் ஆள் புழக்கம் நின்றால் இரண்டு மழையில் புதர் மூடிவிடும். அதற்கு முன்னால் ஒரு பேராவது நட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அவள் எங்கே கிடக்கிறாள் என்று அவருக்கே தெரியாமல் போய்விடும்.

பாளையங்கோட்டையில் டார்லின் என்ற பெண் டிராவல்ஸ் நடத்துகிறார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்த குடும்பம். பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்கிக்கொண்டிருந்தார். தரைக்குத் தேக்குப் பலகை போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடியபோது பெருமாள்ராஜைச் சொன்னார்கள். வேலைக்குப் போன முதல் நாள், இந்த வண்டி எங்கே போகும் என்று அவர் சும்மா கேட்டார். வெள்ளிமுடி பங்களா வாசலில் நிறுத்திச் சுற்றுலா வருகிறவர்களைத் தங்கவைக்க வனத்துறையில் அனுமதி வாங்கியிருப்பதாக டார்லின் சொன்னார். பெருமாள்ராஜ் கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கினார். தகரத் தளத்தைத் துரு போகத் தேய்த்து, ஒட்டுப்பலகை அடித்து, அதன் மேல் தேக்குப் பலகைகளை ஒன்றின் நாக்கு இன்னொன்றின் காடிப் பள்ளத்தில் உட்காரும்படி இறக்கிக்கொண்டே போனார். சுவரோரத்தில் ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். மரம் ஈரத்தில் உப்பினால் நகர அந்த இடம் வேண்டும், அதை மேலே சட்டம் அடித்து மறைத்துவிடலாம். பெருமாள்ராஜுக்கு இது தூக்கத்திலும் தெரியும். தெரிந்தே இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டார்.

போட்டு முடித்துவிட்டு டார்லினிடம் சொன்னார்: "கீழ வச்சுப் போட்ட பலக மேல ஈரத்துல உப்பும்மா. அங்கன வச்சு ஓரத்தச் சீவணும். மொத தடவ நானும் கூட வாறேன்."

டார்லின் சரியென்றார். அந்த ராத்திரி பெருமாள்ராஜ் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் மிஞ்சிய பலகையில் ஒரு துண்டை எடுத்து, உளியால் கலைச்செல்வி என்று வெட்டினார். அதன் கீழே பிறந்த வருஷத்தையும் இறந்த வருஷத்தையும் வெட்டினார். ரத்தம் வராமல் வெட்டியிருக்கலாம். கண் சரியாகத் தெரியவில்லை, கட்டைவிரலில் உளி இறங்கிவிட்டது.

மலையடிவாரச் சோதனைச்சாவடியில் எல்லோருடைய ஆதார் அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். பெருமாள்ராஜின் அட்டையில் இன்னும் எஸ்டேட் விலாசம்தான் இருந்தது. சாவடிக்காரர் கெட்டவர் இல்லை, பெருமாள்ராஜின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"காலி பண்ணிப் போன ஆளுகள மேல விடக் கூடாதுன்னு உத்தரவு அண்ணாச்சி. விட்டா எனக்கு வேல போயிரும்."

டார்லின் கீழிறங்கி வந்து பேசிப் பார்த்தார். தச்சு வேலைக்கு வருகிற ஆள் என்றார், ஒரே நாளில் இறக்கிவிடுகிறேன் என்றார். சாவடிக்காரர் முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். வண்டிக்குள் சென்னையிலிருந்து வந்த குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள். ஏசிக் காற்றில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் குரங்குகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மலைக்குப் போகலாம். அந்த மலையில் பிறந்தவர் போகக் கூடாது.

பெருமாள்ராஜ் வாதாடவில்லை. டிரைவர் எஸ்றாவைத் தனியே கூப்பிட்டு, துணியில் சுற்றிய பலகையைக் கொடுத்து வழி சொன்னார். மூன்றாவது லயன், ஓடைக்கரை, பெரிய மரம், மூன்று கல். "பைய தோண்டி நட்ரு தம்பி. பேரு ஓடையப் பாத்து இருக்கட்டும்" என்றார். எஸ்றா தலையாட்டினான். வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்பி மறையும்வரை அவர் அங்கேயே நின்றார்.

மூன்று நாள் கழித்து டார்லினிடமிருந்து போன் வந்தது. மழையில் தரை உப்பி, வாசலோரத்தில் ஒரு பலகை கூரைபோல எழும்பி வெடித்துவிட்டதாம். பிள்ளை ஒன்று தடுக்கி விழுந்து நெற்றியில் தையலாம். அவர் சத்தம் போடவில்லை. உங்களை நம்பித்தானே அண்ணாச்சி கொடுத்தேன் என்று மட்டும் சொன்னார். அதற்குச் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை.

டார்லினின் வண்டி ஷெட்டுக்கு அவர் போனபோது எஸ்றா வண்டிக்குப் பின்னால் நின்றான். கையில் அந்தப் பலகை. துணி இல்லை. செம்மண் அப்பி, குறுக்கே டயர்த் தடம் பதிந்திருந்தது.

"லயன் இருந்த எடமே தெரியல அண்ணாச்சி. பூராவும் புதரு. ரெண்டு மணி நேரம் அட்டப்பூச்சிக் கடியில தேடுனேன்" என்றான். திரும்பி வந்தபோது மழை கொட்டியிருக்கிறது. வண்டி சரிவில் வழுக்கத் தொடங்கியிருக்கிறது. உள்ளே பிள்ளைகள். "சக்கரத்துக்கு அண்ட குடுக்கக் கல்லு ஒண்ணும் ஆம்புடல. கைக்குக் கெடச்சது இதுதான். என்னய ஏசுங்க, அடிங்க, என்ன வேணாலும் செய்ங்க."

பெருமாள்ராஜ் ஏசவில்லை. பிள்ளைகள் உள்ளே இருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார். பலகையை வாங்கித் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கழுவினார். எழுத்துக்குள் புகுந்த மண்ணைக் குச்சியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். அது மலை மண் என்று தோன்றியதும் கை நின்றுவிட்டது. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

பிறகு வேலையைப் பார்த்தார். தரையைச் சுற்றிலும் முதலிலேயே விட்டிருக்க வேண்டிய இடைவெளியை இப்போது வெட்டி எடுத்தார். வெடித்த பலகையைப் பெயர்த்தார். அந்த இடத்தில் போட அதே மரத்துப் பலகை வேறு மிச்சமில்லை, கையில் இருந்த ஒன்றைத் தவிர. அளந்து பார்த்தார். நீளம் நாலு விரல் அதிகம். ரம்பத்தை எங்கே வைப்பது என்று வெகுநேரம் யோசித்தார். கடைசியில் வருஷங்கள் வெட்டுப்பட்டுக் கீழே விழுந்தன. பேர் தப்பித்தது. பேர் இருந்த பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் பசை தடவி இறக்கினார்.

டார்லின் பார்க்க வந்தார். படியில் கால் வைத்தபோது பெருமாள்ராஜ் கையை நீட்டித் தடுத்தார்.

"உள்ள யாரும் செருப்பு போட்டுட்டு ஏற வேண்டாம்மா. வாற ஆளுககிட்டயும் சொல்லிருங்க."

"மரம் வீணாயிருமா அண்ணாச்சி?"

"ஆமாம்மா" என்றார்.

டார்லின் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வாசலோரத்துப் பலகையில் வெறுங்காலோடு நின்று, ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். சத்தமே இல்லை என்றார். படிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒன்று ஒட்டச் சொல்லி எஸ்றாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வண்டி மறுபடி மலைக்குக் கிளம்பியது. பெருமாள்ராஜ் ஷெட் வாசலில் நின்று பார்த்தார். கலைச்செல்வி போய்விட்டு வரட்டும் என்று நினைத்துக்கொண்டார். பிறகு ரோட்டைத் தாண்டி, சீவலப்பேரி பஸ்ஸுக்காக வெயிலில் போய் நின்றார்.