தவறிக் கட்டிய காப்பு

அம்மாவை நம்பி விளக்கேற்றுகிற எல்லாருக்கும் மண்ணூர்ப் பக்கத்திலிருந்து லட்சுமி எழுதுகிறேன். எனக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று பேச வராது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். அதனால் எழுதுகிறேன். எங்கள் எல்லையம்மன் போன ஆடியில் என் வீட்டுக்காரரை எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். அவர் எங்கேயும் காணாமல் போகவில்லை. என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அதுதான் பெரிய கொடுமை.

அவர் பெயர் கன்னியப்பன். ஒரகடத்தில் கார் விளக்கு செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. லைன் முடிகிற இடத்தில் நின்று, வருகிற விளக்கில் கீறல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலைதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தோசையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடையில் தக்காளியை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தபோது என்னையும் இப்படித்தான் பார்த்தீர்கள் என்று கேலி செய்வேன். "பாஸ் பண்ணித்தானே இட்டாந்தேன்" என்பார். வாய் ஓயாத மனுஷன். கம்பெனி பஸ்ஸில் இவர் ஏறினால் யாரும் தூங்க முடியாதாம்.

போன வருஷம் பொங்கல் கழிந்து அந்த லைனில் ஏஐ கேமரா வைத்தார்கள். இவர் ஒரு விளக்கைக் கையில் எடுப்பதற்குள் அது பார்த்து முடித்துவிடும். அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்க, நல்ல விளக்கு, கெட்ட விளக்கு என்று இவரைத்தான் பிரித்துத் தரச் சொன்னார்கள். இவரும் முகம் சுளிக்காமல் பிரித்துக் கொடுத்தார். கூட நின்றவர்களை வேறு வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். இவரை மட்டும் கேமரா பக்கத்திலேயே நிற்க வைத்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பேச்சு குறைந்தது. பங்குனியில் பாதியானது. சித்திரையில் நின்றே போனது. ஹாஸ்டலில் படிக்கிற எங்கள் மகள் போன் செய்தால் "அம்மாகிட்ட பேசு" என்று என்னிடம் நீட்டிவிடுவார். தக்காளியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார், அழுகல் இருந்தாலும் பார்க்க மாட்டார். நான் வேண்டுமென்றே உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். அதையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

பேசுவதெல்லாம் அந்தப் போனிடம்தான். அதிலும் ஒரு ஏஐ இருக்கிறதே, அதனிடம் எந்நேரமும் டைப் அடித்துக்கொண்டே இருப்பார். என் வேலை போகுமா, எப்போது போகும், எந்த வேலைதான் மிஞ்சும், இதையே மாற்றி மாற்றிக் கேட்பார். அது மரியாதையாக, உங்கள் கவலை புரிகிறது என்று ஆரம்பிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குப் புரியவில்லையாம். எனக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவர் குளிக்கப் போனபோது நானே அதனிடம், என் வீட்டுக்காரர் பேச மாட்டேன் என்கிறார், என்ன செய்வது என்று கேட்டேன். இரண்டு பேரும் மாலையில் சேர்ந்து நடந்து போங்கள் என்றது. நல்ல யோசனைதான். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறி வருகிற மனுஷனோடு எந்த மாலையில் நடப்பது?

வைகாசியில் ஒரு நாள் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவராகவே பேசினார். "நான் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா லட்சுமி. அது பாட்டுக்கு நடக்கும்."

ஊசி கையில் குத்தியதுகூடத் தெரியவில்லை. அதன் பிறகு அவர் ஷிஃப்ட் முடிந்து வர பஸ் கொஞ்சம் தாமதமானாலும் வாசலுக்கும் ரோட்டுக்கும் ஓட ஆரம்பித்தேன். டாக்டரிடம் கூப்பிட்டேன், எனக்கு ஒன்றும் இல்லை என்று வரவில்லை. யாரிடம் சொல்வது? எங்கள் எல்லையம்மனிடம் போய் நின்றேன். வெள்ளிக்கிழமை தவறாமல் போனேன். சண்டையும் போட்டேன். தாயே, அந்த மெஷினை நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அது அதன் வேலையைப் பார்க்கட்டும். இவர் வேலை போனாலும் கஞ்சி குடித்துக்கொள்கிறோம். இந்த மனுஷன் வாயைத் திறந்து சிரித்துப் பேச வேண்டும், அது ஒன்று போதும் என்று கேட்டேன்.

ஆனி போனது. ஒன்றும் நடக்கவில்லை. நம்பிக்கை போய்விட்டது என்றே சொல்லலாம்.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதற்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுவார்கள். ஒவ்வொரு பங்காளி வகையிலும் ஒருத்தர் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வகையில் எப்போதும் என் மூத்தார், அதாவது இவருடைய அண்ணன்தான் கட்டிக்கொள்வார். கட்டிவிட்டால் கூழ் வார்த்து முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. செருப்பு கூடாது, கவுச்சி கூடாது. நடுவில் அவிழ்க்கவே கூடாது. ஷிஃப்ட்டுக்குப் போகிற யாரும் அந்தப் பக்கமே தலை காட்ட மாட்டார்கள்.

அன்றைக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். பம்பை அடிக்கிறார்கள், ஒரே கூட்டம். மூத்தார் தேங்காய் எடுத்து வர வண்டிக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பூசாரி எங்கள் வகையைக் கூப்பிட்டார். இவர் இடது கையில் போன், கண் அதிலேயே இருக்கிறது. எதற்குக் கூப்பிட்டார்கள் என்றுகூடப் பார்க்காமல் குங்குமம் வாங்குகிற மாதிரி வலது கையை நீட்டினார். பூசாரியும் முகத்தைப் பார்க்கவில்லை. மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்து மூன்று முடிச்சுப் போட்டுவிட்டார். மூத்தார் தேங்காயோடு வந்து திகைத்து நிற்கிறார். இவர் தன் கையைப் பார்க்கிறார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இவர் ஆடிப்போய்விட்டார். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று கம்பெனி மேலிடத்தில் யோசிக்கிற நேரத்தில் ஒன்பது நாள் லீவா என்று பூசாரியிடம் மன்றாடினார். கட்டினது கட்டினதுதான் என்று அவர் கையை விரித்துவிட்டார். கடைசியில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். அவர் நல்ல மனுஷன். கோபப்படவே இல்லை. "சாமி விஷயம், நீ பொறுமையா வா கன்னியப்பா. கேமரா பாத்துக்கும்" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். இவருக்கு அது இடி மாதிரி இறங்கியது. வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கோயிலுக்கே திரும்பிப் போய், நான் கேட்டது இதுவா என்று அம்மாவைப் பார்த்து அழுதேன்.

ஆனால் காப்புக் கட்டினவரைச் சும்மா படுக்க விட மாட்டார்கள். மறுநாளே வந்து கூட்டிப்போனார்கள். கேழ்வரகு வாங்குவது, மாவு அரைக்கக் கொடுப்பது, பானை சேகரிப்பது, பந்தலுக்குக் கால் நடுவது என்று ஒன்று மாற்றி ஒன்று. வாய் பேசாமல்தான் செய்தார். வேலை முடிந்ததும் பழையபடி போன்தான்.

கூழ் வார்க்கிற ஞாயிறு வந்தது. காப்புக் கட்டினவர்தான் முதலில் ஊற்ற வேண்டும். ஊர்க்காரர்கள், ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வடநாட்டுப் பையன்கள், எல்லாரும் சொம்பும் பாட்டிலுமாக வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் ஒரு பையனைப் பார்த்ததும் இவர் கை நின்றுவிட்டது. அவன் பெயர் இசக்கிமுத்து. கேமராவை வைத்துவிட்டுப் போன கம்பெனியின் இன்ஜினியர். திருநெல்வேலிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜில் தங்கியிருக்கிறான். இவர் அவன் முகத்தைப் பார்த்து இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அவன் கேமரா விஷயமாக வரவில்லை. அவன் ஊரில் அதே நேரத்தில் அம்மன் கொடைத் திருவிழா. லீவு கிடைக்கவில்லை. இவர் காப்புக் கட்டியிருப்பதைக் கேள்விப்பட்டு, எந்த அம்மனாக இருந்தால் என்ன என்று ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறான். கூழை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, என்மேல கோவமா இருப்பீய, தெரியும்" என்றான். "நான் எழுதுத ப்ரோக்ராமை இப்ப ஏஐயே எழுதுது. எங்க டீம்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்க. வீட்ல சொல்லல. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

இவர் கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்தார். விளக்கைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு கரண்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு அவன் தோளில் கை போட்டார்.

"அழுதுக்கினே குடிச்சா புரை ஏறும்பா. இந்தா, வெங்காயம் கடிச்சிக்கோ. சாப்ட்டு எத்தினி நாளாச்சி, மூஞ்சி இன்னா இப்டி கீது?"

அவ்வளவுதான். வாய் திறந்துவிட்டது. பந்தல் காலில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், பொழுது சாய்கிறவரை பேசினார்கள். நடுவில் இவர் சிரித்த சத்தம் கேட்டது. நான் பானைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா, அம்மா என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

சாயங்காலம் காப்பை அவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தார். "நான் இல்லாமயே ஒம்போது நாளு லைன் ஓடிச்சி. இதுக்குத்தான் இத்தினி நாளா பயந்தேன். நடந்தும் போச்சி. பசிக்குது பாரு. இன்னா வெச்சிக்கீற?"

கம்பெனிக்குத் திரும்பிப் போனார். இப்போது பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம் எங்கே என்று தெரியாது. பயம் முழுக்கப் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இசக்கிமுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்புக்கு வருகிறான். இரண்டு பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சேர்ந்தே பயப்படுகிறார்கள், சேர்ந்தே சாப்பிடுகிறார்கள். பூசாரி இன்றைக்கும் ஆள் மாறிக் கட்டிவிட்டேன் என்று வருத்தப்படுகிறார். ஆள் மாறவில்லை ஐயா என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மெஷினுக்குத் தெரியாதது இவருக்குத் தெரியும் என்று காட்டுவதற்காக அம்மா வரவில்லை. எதிரில் ஒருத்தன் கண் கலங்கி நின்றால் தோளில் கை போடுகிற மனுஷன் இவர் என்று இவருக்கே காட்டினாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி வாயடைத்து உட்கார்ந்திருந்தால் பயப்படாதீர்கள். அவரை நாலு பேர் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் தெய்வம் எதுவோ, அதனிடம் விடாமல் கேளுங்கள். சண்டை போட்டுக் கேட்டாலும் பரவாயில்லை, அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பதில் நாம் நினைத்த மாதிரி வராது. ஆனால் வரும்.

இதை எழுதுகிற இந்த நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை எழுது, இதை ஏன் எழுதினாய் என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறார். கொஞ்சம் சும்மா இருக்க வை தாயே என்று கேட்கலாமா என்று வாய் வரை வந்துவிட்டது. கேட்க மாட்டேன். பேசட்டும்.