வெறும் வயிற்றோடு

கல்யாணத்துக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு நாளிதழில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். ஒவ்வொரு கோடையிலும் மருத்துவப் பக்கத்தில் ஒரு கட்டுரை வரும். வாந்தி எடுக்கும் குழந்தையின் உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது விஷயம். போன வருடம் வந்ததையே தலைப்பை மாற்றிப் போடுவார்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ‘அரை’ என்ற சொல் விழுந்துவிட்டால் ஏதோ ஒரு வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து என்பதால் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படிப்பேன். கட்டுரை ‘தாய்மார்களே’ என்று தொடங்கும். அந்தச் சொல்லில் திருத்த எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

கல்யாணமாகி விருத்தாசலம் வந்தேன். கணவர் பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சூளை எரியும் நாட்களில் வீட்டுக்கு வரமாட்டார். அடுத்த வாசலில் அவருடைய அக்கா குடியிருந்தார். கணவரின் அக்காவை அண்ணி என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். அண்ணி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். என்னைப் ‘பேப்பர்காரி’ என்பார். முகத்துக்கு நேராகவே சொல்வார். அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

மகனுக்கு ஒன்றரை வயது. தாய்ப்பால் மறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மே மாதக் காலையில் வாந்தி தொடங்கியது. முதலில் முந்தைய இரவின் இட்லி வந்தது. பிறகு பால். அதன் பிறகு மஞ்சளாக நீர். தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். விட்டதும் தோல் உடனே படிந்தது. நாக்கையும் கண்ணையும் பார்த்தார்.

“இன்னும் வத்தல. வத்த விட்டுடாதீங்க,” என்றார்.

உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பொட்டலம் எழுதிக் கொடுத்தார். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். தாகத்தில் இழுத்துக் குடிக்கப் பார்ப்பான், விடக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்க வேண்டும், இன்னும் மெதுவாக.

“ஒண்ணுக்குப் போறானான்னு பாருங்க. சாயந்திரம் வரைக்கும் போகலன்னாலோ, கண்ணு குழி விழுந்தாலோ, எழுப்பினாலும் எழுந்திரிக்காம சோந்து கெடந்தாலோ, யோசிக்காம கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க.”

மருந்துக் கடையில் ஆரஞ்சுச் சுவைப் பொட்டலம்தான் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி, பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டிக் குலுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார்.

“என்னா சொன்னாரு டாக்டரு?”

“இத ஸ்பூனால குடுக்கச் சொன்னாருங்க அண்ணி.”

“ஊசி?”

“போடல.”

“ட்ரிப்ஸு?”

“இப்ப தேவையில்லன்னாரு.”

“ஊசியும் போடல, ட்ரிப்ஸும் ஏத்தல. கலர் தண்ணி குடுத்து அனுப்பிச்சிட்டாரு. அதுக்கு பீஸு வேற வாங்கியிருப்பாரு.”

குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கித் தொண்டையைத் தடவிப் பார்த்தார். “தொக்கம்,” என்றார்.

தின்றது ஏதோ தொண்டையிலோ குடலிலோ ஒட்டிக்கொண்டு, அதற்குப் பின் போவதையெல்லாம் வெளியே தள்ளுவதற்குப் பெயர் தொக்கம். அதை எடுக்கவென்று ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்ரீமுஷ்ணம் போகும் வழியில் ஒரு ஊரில் இருப்பவர் கைராசிக்காரர். அண்ணியின் மூன்று பிள்ளைகளுக்கும் அவர்தான் எடுத்தார். ஒரே ஒரு விதி. குழந்தை வெறும் வயிற்றோடு வர வேண்டும். எடுத்து முடிக்கும்வரை தண்ணீர்கூடக் கூடாது.

“உள்ள போனாத்தானே வெளிய வரும்? தண்ணி காட்டாத.”

இந்த வாதத்தை மறுப்பது எளிதல்ல. தண்ணீரே கொடுக்காத குழந்தை ஒரு கட்டத்துக்கு மேல் உண்மையிலேயே வாந்தியை நிறுத்திவிடும்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். கணவர், “அக்கா சொல்றத கேளு. மூணு புள்ளைய வளத்தது அது,” என்றார். பின்னால் யாரோ சூளைக் கதவைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். வைத்துவிட்டார்.

போகலாம் என்று ஒப்புக்கொண்டேன். வீட்டில் இருந்தால் அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பஸ்ஸில் அப்படி முடியாது. பாட்டிலையும் ஸ்பூனையும் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். நினைத்தபடி அண்ணிக்கு பஸ்ஸின் முன்பக்கத்தில் இடம் கிடைத்தது, எனக்குக் கடைசி சீட்டுக்கு முந்தைய வரிசையில். முந்தானையைக் குழந்தையின் முகத்தின் மேல் இழுத்துவிட்டு, பாலுக்கு அழும் குழந்தையைச் சமாளிப்பவளைப் போல உட்கார்ந்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். பஸ் குலுங்கியதில் பாதி என் மடியில் சிந்தியது. மீதியை விழுங்கினான். ஸ்பூனை விடாமல் கடித்துக்கொண்டான்.

பக்கத்தில் இருந்த பெண் முந்தானைக்குள் எட்டிப் பார்த்தாள். “மருந்தாங்க?” என்றாள். ஆமாம் என்றேன். பெற்ற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதை ஒளிக்க வேண்டியிருக்கிறது என்று அவளிடம் விளக்க எனக்குத் தெரியவில்லை.

தொக்கம் எடுப்பவர் வீட்டுக்கு முன்னால் கீற்றுப் பந்தலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லாரிடமும் கைக்குழந்தைகள். பஸ் ஸ்டாண்டில் இத்தனை குழந்தைகள் இருந்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. இங்கே அமைதியாக இருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை அழுதுகொண்டிருந்தது. வாய் அழுதது, கண்ணில் நீர் வரவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

அதன் தாயிடம் மெதுவாகச் சொன்னேன், “கொஞ்சம் தண்ணி குடுங்களேன். எங்கிட்ட இருக்குது. கொழந்த ரொம்ப காஞ்சி போயிருக்குது.”

அவள் பாட்டிலைப் பார்த்தாள். ஆசையோடுதான் பார்த்தாள். பிறகு பந்தலின் ஓரத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தாள்.

“வேணாங்க. வூட்டுல கேட்டா என்னான்னு பதில் சொல்றது?”

குழந்தையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

எங்கள் முறை வந்தது. அவர் ஐம்பது வயதுக்காரர், சுத்தமான வெள்ளை வேட்டி. பக்கத்தில் விளக்கெண்ணெய்க் கிண்ணம், ஒரு சிறிய பித்தளைக் குழல், வாழையிலைத் துண்டுகள். முதலில் வயிற்றை எண்ணெய் போட்டு நீவுவார். பிறகு குழலைத் தொண்டையில் வைத்து உறிஞ்சி இலையில் துப்புவார். துப்பியதில் ஏதாவது ஒரு துண்டு இருக்கும். எனக்கு முன்னால் போன குழந்தைகளுக்கு முறுக்குத் துண்டும் வேர்க்கடலையும் வந்திருந்தன.

என் மகனை மடியில் போட்டு வயிற்றை இரண்டு முறை அழுத்தி நீவினார். மூன்றாவது முறை அவன் வாந்தி எடுத்தான். அவருடைய வெள்ளை வேட்டியில் ஆரஞ்சு நிறத்தில் பரவியது.

பந்தலே திரும்பிப் பார்த்தது.

“கலர் குடுத்துக் கொண்டாந்தீங்களா?” என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது.

“வெறும் வயித்தோட வரணும்னு தெரியுமில்ல? இப்ப எடுத்தா தொக்கம் உள்ள போயிடும். நாளைக்கிக் கொண்டாங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டு காட்டக் கூடாது.”

பஸ் நிறுத்தத்துக்கு அண்ணி எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். புளியமரத்தடிக்கு வந்ததும் என் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து கவிழ்த்துப் பிடித்தார். முக்கால் பாட்டில் இருந்தது. மண் உடனே உறிஞ்சிக்கொண்டது.

“பேப்பர்ல வேல பாத்த புத்தி. நாலு பேரு எதுக்க மானத்த வாங்கிட்ட. எத்தினி வருஷமா வர்றன், ஒரு நாளு என்ன இப்பிடி சொல்லியிருப்பாரா அவுரு?”

மகனைப் பார்த்தேன். காலையில் கட்டிய துணி இன்னும் காய்ந்தே இருந்தது. டாக்டர் சொன்ன சாயந்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. விருத்தாசலம் போய்ச் சேர்வதற்குள் நனையாவிட்டால், வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியில் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை. காலி பாட்டிலை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன்.

“அண்ணே, இந்த பாட்டில் அளவுக்கு பாய்லர் தண்ணி வேணும். ஆறு ஸ்பூன் சக்கர, அர ஸ்பூன் உப்பு.”

“டீத்தூளு?”

“வேணாம்.”

“பாலு?”

“வேணாங்க.”

“பாலு வேணாம், தூளு வேணாம், உப்பு மட்டும் வேணும். இந்த டீய யாரு குடிக்கப் போறது?”

குழந்தையைக் காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பிடித்தார். சிறிய ஸ்பூனாக வாங்கி, சர்க்கரையையும் உப்பையும் நானே விரலால் தலை தட்டிப் போட்டேன். அச்சிட்ட வரியாகப் பல வருடம் பார்த்த அளவைக் கையால் அளந்தது அன்றுதான். ஆற நேரமாகுமே என்றேன். அவர் இரண்டு பெரிய குவளைகளை எடுத்து டீ ஆற்றுவதைப் போலவே கையை உயர்த்தி ஆற்றத் தொடங்கினார். உப்புத் தண்ணீர் நீளமாக இறங்கி நுரைத்தது. பெஞ்சில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். “இதுல ஒண்ணு எனக்கும் போடு மாஸ்டர்,” என்றார் ஒருவர்.

“ஊரே பாத்து சிரிக்குது,” என்றார் அண்ணி. “புள்ளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் தம்பிக்கி நீதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேங்க.”

விரலை விட்டுப் பார்த்து, சூடு போன பிறகு, அந்த பெஞ்சில் உட்கார்ந்து எல்லார் முன்னிலையிலும் முதல் ஸ்பூனைக் கொடுத்தேன். சிறிது இடைவெளி விட்டு அடுத்தது. பஸ்ஸிலும் முந்தானையை இழுத்துவிடவில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு முறை வாந்தி எடுத்தான். பொறுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அண்ணி, “பாத்தியா?” என்றார்.

தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கியபோது என் மடி சூடானது. துணியைத் தாண்டி, புடவையைத் தாண்டி, தொடை வரை நனைந்தது. நான் அசையவில்லை. அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்பு அனுபவித்ததில்லை.

“ச்சீ, புடவையெல்லாம் போச்சு,” என்று அண்ணி எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

ராத்திரி முழுக்க ஸ்பூனும் கையுமாக இருந்தேன். விடியும்போது அவனுக்கு வாந்தி நின்றிருந்தது. கஞ்சி கேட்டு அழுதான். கண்ணில் நீர் வந்தது. இரண்டு வாய் ஊட்டிவிட்டு, சூளையை முடித்துவிட்டு வந்த கணவரிடம் அவனைக் கொடுத்தேன். கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. வாசலில் கணவரின் வண்டியும் இல்லை.

வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். அண்ணியின் இடுப்பில் குழந்தை, நெற்றியில் திருநீறு. கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என்னிடம் காட்டினார். உள்ளே நகம் அளவுக்கு ஒரு தேங்காய்ச் சில்லு.

“இதுதான் அடச்சிக்கினு இருந்துது,” என்றார்.

“அவன் தேங்காயே சாப்பிடலியே.”

“முந்தாநேத்து சட்னி அரைக்கல நீ?”

“அரைச்ச சட்னி வயித்துக்குள்ள போயி மறுபடியும் சில்லா ஆயிடுமா?”

கணவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சிரித்தார். கோபம் சுத்தமாகப் போயிருந்தது. ஜெயித்தவர்களுக்கு வரும் தாராளம் அது.

“எல்லாத்தையும் கேள்வி கேட்டுக்கினே இரு. புள்ள இன்னிக்கி எப்பிடி இருக்குது பாரு. கைய வெச்சாரு, நின்னுது. கார்த்தாலேர்ந்து ஒரு வாந்தி உண்டா?”

கார்த்தாலேர்ந்து இல்லைதான். அதற்கும் முன்பிருந்தே இல்லை.

அந்தப் பெண் குழந்தை இன்று வந்திருந்ததா என்று கேட்டேன். எந்தக் குழந்தை என்றார் அண்ணி. அந்த வாரம் முழுக்கச் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தை வரி விடாமல் படித்தேன். லாரி விபத்து, கோயில் திருவிழா, மின்தடை அறிவிப்பு. வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து தண்ணீர் கொடுக்காதது செய்தியாக வராது என்பது அந்த வேலையில் இருந்த எனக்குத் தெரியும். கோடைக் கட்டுரையும் அந்த வருடம் வந்தது. ‘தாய்மார்களே’ என்றுதான் தொடங்கியது. தண்ணீர் கொடுக்கத் தாய் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது அதில் எங்குமே இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மகன் அண்ணியின் இடுப்பிலிருந்து என் பக்கம் கையை நீட்டினான். வெயிலில் வந்ததில் உதடு காய்ந்திருந்தது. நான் ஊட்டிய இரண்டு வாய் கஞ்சிக்குப் பிறகு அவனுக்கு எதுவும் கொடுத்திருக்கமாட்டார்கள் என்பது தெரிந்தது. “தண்ணி,” என்றான்.

அண்ணி அவனை என்னிடம் கொடுத்தார்.

“இனிமே குடும்மா,” என்றார். “இப்பக் குடுக்கலாம்.”