ஸ்கேன் அறைக்குள் யார் போவது

என் கணவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி இருப்பதை என் நங்கையா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நங்கையா என்றால் கணவரின் அக்கா. பொங்கலூரில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இவர் அங்கே போனபோது பாதிச் சாப்பாட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாராம். தினமும் திருப்பூர் ராயபுரத்தில் என் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்!

"உங்கிட்டச் சொல்லலையா கண்ணு?" என்று ஃபோனில் கேட்டார் நங்கையா. வெகுளியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் காது மடல் சூடாகிவிட்டது.

அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்தவர் அவர்தான். கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே கணவரை இழந்து, பிறந்த ஊருக்கே திரும்பியவர். என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர் ஒரு சண்டையாவது போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவர் மேல் பொறாமைப்பட்டால் அதை யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளக்கூட முடியாது.

இவர் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். திருப்பூரில் எடுத்த சாதாரண வயிற்று ஸ்கேனில் ஈரலில் ஒரு கட்டி தெரிந்தது. "என்ன மாதிரிக் கட்டின்னு இதுல சொல்ல முடியாதுங்க. கோயமுத்தூர் போயி காண்ட்ராஸ்ட்னு ஒரு சாய ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர். அந்த ஊசி போடக் கிட்னி நன்றாக இருக்க வேண்டுமாம். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை. வெளியே வந்ததும் நான் இவர் கையைப் பிடித்தேன். இவர் மறு கையால் செல்ஃபோனை எடுத்து, "அக்கா..." என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். என்னிடம் அழவில்லை.

மூன்று பேருமாகக் கோயமுத்தூர் பஸ் ஏறினோம். அக்காவும் தம்பியும் ஒரு சீட்டில். நான் முன் சீட்டில், யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில்.

ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன் பையன் இவர் கையில் ஊசிக் குழாயைப் பொருத்தினான். அந்தப் பயத்திலும் இவருக்குத் தொழில் புத்தி போகவில்லை.

"அந்தச் சாயம் என்ன கலருங்க தம்பி?"

"கலரே இல்லீங்கண்ணா. தண்ணியாட்டத்தான் இருக்கும். மெஷினோட காந்தத்துக்குள்ள போனாத்தான் அது வேலை செய்யும்."

கலரில்லாத சாயமா என்று இவர் சிரித்தார். ஆனால் குழாய் போன்ற அந்த மெஷினுக்குள் பாதி போனதுமே மூச்சு முட்டுகிறதென்று கத்தி வெளியே வந்துவிட்டார்.

"ஊட்டாளுங்க யாராச்சும் ஒருத்தர் உள்ள வந்து காலைப் புடிச்சுக்கலாங்க. ஆனா உடம்புல நகை, ஊசி, எதுவுமே இருக்கக் கூடாதுங்க" என்றான் பையன்.

நான்தான் முதலில் எழுந்தேன். வளையலைக் கழற்றினேன். மெட்டி விரலோடு இறுகிப்போய் அசையவில்லை. தாலிக்கொடிக்குக் கை போனது, நின்றது.

"வேண்டாங் கண்ணு, அதெல்லாம் நீ கழட்டாத. நான் போறேன்" என்று எழுந்தார் நங்கையா. சேலையில் குத்தியிருந்த ஊக்கை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் கழுத்தில், காதில், கையில், காலில் கழற்ற வேறு ஒன்றும் இல்லை. நேரே உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. இவர் பெண்டாட்டி என்று ஊருக்குக் காட்டுகிற அத்தனையும் சேர்ந்து என்னை வெளியே உட்கார வைத்துவிட்டன. கணவரை இழந்த ஒரு பெண்ணின் வெறுங்கழுத்தைப் பார்த்து அன்றைக்குப் பொறாமைப்பட்டேன்.

ஸ்கேன் முடிந்ததும் அங்கிருந்த டாக்டரம்மா எங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் கூப்பிட்டார். நாற்காலி இரண்டுதான் இருந்தது. "மருந்து போனதும் கட்டியோட ஓரத்துல மட்டும் வெள்ளையாத் திட்டு விழுகுது பாருங்க. அப்புறம் மெல்ல மெல்ல நடுவுக்குப் பரவி, அங்கேயே தங்கியிருக்கு. கேன்சரா இருந்தா பெரும்பாலும் மருந்து வேகமா ஏறி, வேகமா வடிஞ்சுரும். இது வெறும் ரத்தக்குழாய்க் கட்டி. பயப்படாதீங்க. பெருசா இருக்கறதால ஆறு மாசம் கழிச்சு ஒருக்காப் பாத்துக்கலாம்." இவ்வளவையும் நங்கையாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். இவரும் அக்கா பக்கம்தான் திரும்பினார். எனக்கும் உயிர் வந்ததுதான். ஆனால் அந்த மூன்று பேருக்கும் பின்னால் நின்றபடியே வந்தது.

ஆறு மாதம் கழிந்தது. "அக்காவை எதுக்குங்க சும்மா அலைய உடோணும்?" என்று இவரிடம் சொன்னேன். இவரும் சரியென்றார். முந்தின நாளே வளையல், தோடெல்லாம் எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு மெட்டியைக் கழற்றினேன். தாலிக்கொடியை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு ஆசையாகத் தயாரானேனா தெரியாது.

பையன் கேட்கும் முன்பே, "எங்கிட்ட எதுவும் இல்லீங்க, நான் உள்ள வர்றேன்" என்றேன்.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டும் அந்தச் சத்தம் நெஞ்சில் இடித்தது. "மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க" என்று ஸ்பீக்கரில் குரல் வரும்போதெல்லாம் நானும் நிறுத்தினேன். மருந்து ஏறியபோது இவர் கால் விரல்கள் சுருங்கின. இரண்டு பாதங்களையும் இறுக்கிப் பிடித்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் இவர் எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தார்.

வெளியே வந்ததும், "ஏ அம்மிணி, காலை இப்பிடியா நசுக்குவே? அக்கா சும்மா கையை வெச்சுட்டுத்தான் இருந்துது" என்றார்.

நான் இவர் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டேன்.

கட்டி வளரவில்லை, இனி வர வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. நங்கையா. நானே எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். "நாந்தானுங்க உள்ள இருந்தேன்" என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

"எனக்கொரு வார்த்தை சொல்லோணும்னு தோணலையா கண்ணு?" என்றார். அந்தக் குரலில் இருந்தது எனக்கு நன்றாகவே பழக்கமானது. சந்தோஷப்பட்டேன்.

"உங்களுக்கெதுக்குங்க சிரமம்னுதான்" என்றேன்.

"தம்பிகிட்டக் குடு."

கொடுத்தேன். இவர் வாசலுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். சோறு வெந்து, நான் வடித்து நிமிர்த்தி, தட்டு வைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்.